நாலாம் நம்பர் விமானம், ஒண்ணாம் நம்பர் இஞ்சின்

தோசை தட்டில் விழுந்து ஐந்து நிமிஷம் ஆகியும் சேஷகிரி அதைத் தொடவில்லை. மேஜையில் இடமில்லாததால் ரமா தட்டை அவர் கையிலேயே கொடுத்திருந்தாள். மேஜை முழுவதும் ஒரே ஒரு காகிதம் விரிந்து கிடந்தது. அதில் ஐந்து விமானங்கள், ஐந்து இஞ்சின்கள், பதினேழு கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் மதிப்பெண்.

"விமானத்துல மூணாம் நம்பரும் அஞ்சாம் நம்பரும் எழுபத்திரெண்டு மார்க்ல நிக்கறது," என்றார். "அரை மார்க் வித்தியாசம் இருந்தாக்கூட முடிவு பண்ணிடுவேன்."

"போன வாரம் ரெண்டாம் நம்பர்னு சொன்னேளே."

"அது காத்துல இருக்கற ஈரத்தைக் கணக்குல எடுத்துக்கறதுக்கு முன்னாடி."

"தோசை ஆறிடுத்து. அதுக்கும் ஒரு மார்க்கைப் போட்டுட்டுச் சாப்பிடுங்கோ," என்று ரமா சமையலறைக்குப் போனாள்.

சேஷகிரிக்குப் பீன்யாவில் பேரிங் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. இருபத்தெட்டு வருஷமாக, மற்றவர்கள் செய்ததை அளந்து பார்த்துச் சிவப்பு மையில் 'ரிஜெக்ட்' என்று முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார். இந்தப் பழக்கம் மல்லேஸ்வரம் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். ஃப்ரிட்ஜ் வாங்குவதற்குப் பதினோரு மாதம் ஆராய்ந்தார். ஆராய்ந்து முடித்துக் கடைக்குப் போனபோது அந்த மாடலைச் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டிருந்தது.

ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானப் பைத்தியம் அவரைப் பிடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் விமானம் வாங்குவதில் சிக்கலே இல்லை. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: இறக்கை மேலே இருக்கட்டும், தெர்மோகோலில் இருக்கட்டும், விழுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். வாங்கினார், பறக்கவிட்டார், விழுந்தது, ஒட்டினார். ஆளைப் படுத்துவது இரண்டாவது விமானம்தான். பெட்டியில் வரும் பால்சா மரச் சட்டங்களை நாமே வெட்டி ஒட்டிக் கட்ட வேண்டும். இஞ்சினைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதைக் கட்டுவது, எதை மாட்டுவது என்று பத்துப் பேரைக் கேட்டால் பதினோரு பதில் வருகிறது.

இதைச் சும்மா பொழுதுபோக்கு என்று விட்டுவிடவும் முடியாது. ஜூன் மாதம் லேத் ஓட்டும் உத்தமன் செய்த நானூறு வளையங்களை சேஷகிரி ஒரே நாளில் திருப்பி அனுப்பினார். அன்று கேன்டீனில் உத்தமன் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"சார், தப்பா நினைக்காதீங்க. ஒரு தடவையாவது ஒரு பொருளை உங்க கையால செஞ்சிருக்கீங்களா?"

உத்தமன் கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அவன் உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டான். சேஷகிரி யோசித்துப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் செய்த காகிதக் கப்பலைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"பொங்கல் முடிஞ்சு முதல் ஞாயித்துக்கிழமை நெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானத்துக்கு வா," என்றார். "என் கையால செஞ்ச விமானம் பறக்கும்."

இப்போது செப்டம்பர். இதுவரை ஒரு குச்சி கூட வெட்டவில்லை. ஆனால் வெறும் குச்சிகளை நாமே ஒட்டி வைத்தால், அது தரையை விட்டுக் கிளம்பும் அந்தக் கணம் எப்படி இருக்கும் என்ற ஆவல் மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயிற்று.

ரமா காபியோடு திரும்பி வந்து காகிதத்தை எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆராவமுதன் மத்தியானம் தூங்குகிறவர். மின்விசிறி கிறீச்சிட்டாலே ரமாவுக்குப் போன் செய்வார்.

"இந்த இஞ்சின்ல எது சத்தம் கம்மி?"

"இருக்கறதுலயே சின்னது. ஒண்ணாம் நம்பர். ஆனா சத்தமெல்லாம் ஒரு அளவுகோலே இல்ல ரமா."

"இந்த மஞ்சள் விமானத்துக்கு என்ன மார்க்?"

"நாலாம் நம்பரா? நாப்பத்தொண்ணு. கடைசி. ரெண்டு அடுக்கு இறக்கை, வேலை ஜாஸ்தி, அந்தக் காலத்து அமைப்பு. புத்தி இருக்கறவன் தொடமாட்டான்."

சொல்லிவிட்டு மணி பார்க்க செல்போனை எடுத்தார். திரையில் அந்த மஞ்சள் விமானம்தான் நின்றுகொண்டிருந்தது. ஜூன் மாதத்திலிருந்தே அது அங்கேதான் நிற்கிறது.

ரமா அதைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், ஆறிப்போன தோசையையும் பார்த்தாள்.

"பெருமாள்கிட்ட விட்டுடலாம்," என்றாள். "பூக்கட்டிப் பாத்துடுவோம்."

"விமானத்துக்கா?"

"ஏன், நம்ம கல்யாணமே அப்படித்தானே நிச்சயமாச்சு. நானா, அந்த மைசூர்ப் பொண்ணான்னு மூணு மாசம் முழிச்சேளே. கடைசில எங்க பெரியம்மா சீட்டெழுதி, உங்க கையாலயே எடுக்க வெச்சா. தப்பாவா போயிடுத்து?"

இந்தக் கேள்விக்குத் திருமணமான எந்த ஆணும் சொல்லக்கூடிய ஒரே பதிலை சேஷகிரியும் சொன்னார்.

சனிக்கிழமை காலை என்று முடிவாயிற்று. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் ரமா பூஜை அறையில் உட்கார்ந்து சீட்டுகளை எழுதி, ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு துளசி இலையும் பூவிதழும் வைத்து மடித்து, இரண்டு வெள்ளித் தட்டுகளில் வைத்திருந்தாள். விமானத்துக்கு ஒரு தட்டு, இஞ்சினுக்கு ஒரு தட்டு. பெயரெழுதினால் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கும் என்பதால், எல்லாவற்றிலும் பட்டியலில் உள்ள நம்பர் மட்டும்தான் எழுத வேண்டும் என்று முதல் நாளே உத்தரவு போட்டிருந்தார் சேஷகிரி.

ஈரத் தலையோடு வந்தவர் பையிலிருந்து தொழிற்சாலையில் கனம் அளக்கும் வெர்னியரை எடுத்தார்.

"இது எதுக்கு?"

"ஒரு சீட்டு தடிமனா இருந்தா கை தானா அதுக்குத்தான் போகும்." ஒவ்வொரு சீட்டாக நீளம், அகலம், கனம் அளந்தார். இஞ்சின் தட்டில் இரண்டு சீட்டுகள் அரை மில்லிமீட்டர் அதிகம். "ரிஜெக்ட். வேற மடிச்சுக் கொண்டா."

ரமா உள்ளே போய் வேறு இரண்டு மடித்துக் கொண்டு வந்தாள். அவை தேறின. பத்தையும் வரிசையாக வைத்துவிட்டு சேஷகிரி அடுத்த ஷரத்தைப் போட்டார்: ஆத்து மனுஷர்கள் யாரும் எடுக்கக் கூடாது, மூன்றாம் நபர் வேண்டும்.

மூன்றாம் நபர் அப்போது பின்கட்டில் குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆஞ்சலா அந்த வீட்டில் ஆறு வருஷமாக வேலை செய்கிறாள். ஈரக் குப்பையில் ஒரு காகிதத் துண்டு தெரிந்தாலும் வண்டிக்காரன் வாளியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான் என்பதால், அந்த விஷயத்தில் அவள் சேஷகிரியை விடக் கறார்.

"நானா? நான் வேதக்காரியாச்சே சார்," என்றாள் கையைத் துடைத்துக்கொண்டே.

"அதுதான் நல்லது. எங்க பெருமாள்கிட்ட உனக்குன்னு தனியா வேண்டுதல் எதுவும் இருக்காது."

ஆஞ்சலா முதல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். நாலு. இரண்டாவது தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். ஒன்று.

நாலு என்று பார்த்ததும் சேஷகிரியின் முகம் மலர்ந்ததை அவரே அறியவில்லை. மஞ்சள் விமானம். நாற்பத்தொரு மார்க் வாங்கினால் என்ன, பெருமாளே பாஸ் போட்டுவிட்ட பிறகு? ஒன்று என்ற சீட்டை அவர் கவனித்தது அதற்கப்புறம்தான்.

"மிச்சச் சீட்டையெல்லாம் பிரிக்கப்படாது," என்றாள் ரமா அவசரமாக. "அப்படியே துளசி மாடத்துல போட்டுடு ஆஞ்சலா."

"காகிதத்தைப் போட்டா செடி அழுகிடும்மா," என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு அவள் போனாள்.

அன்று சாயங்காலமே சேஷகிரி பிரேசர் டவுனுக்குப் போனார். அங்கே தியோடர் வீட்டில் பிஸ்கட் டின்களைத் திறந்தால் பிஸ்கட் இருக்காது, இஞ்சின்தான் இருக்கும். மாதிரி விமானச் சங்கத்தில் யாருக்கு எது வேண்டுமானாலும் அவர் மூலமாகத்தான் வாங்குவார்கள். சீட்டைக் கேட்டதும் தியோடர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சேஷு, அந்த மஞ்சள் விமானம் மூணு கிலோவுக்கு மேல மேன். ஒண்ணாம் நம்பர் ரெண்டு கிலோவைத் தூக்கினாலே பெருசு. லாரிக்கு லூனா இஞ்சின் மாட்டுவாங்களா?"

"பெருமாள் சொல்லிட்டாரே."

"பெருமாளுக்குக் கருடன் இருக்கு மேன். அவர் எதுக்கு இஞ்சினைப் பத்திக் கவலைப்படணும்?"

வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னபோது ரமா வெண்டைக்காய் அரிவதை நிறுத்தினாள்.

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணுமா? ஜாதகம் மாதிரியா?"

"பின்னே?"

"இதை முன்னாடியே சொல்லப்படாதா?"

"உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? பெருமாளுக்குத் தெரியாதா?" சேஷகிரி நெற்றியைத் தடவினார். "இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாமா?"

ரமா வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "ஒருதடவை கேட்டாச்சு. அவர் சொன்னதை மாத்தினா தெய்வ குத்தம். போறது, விடுங்கோ. ஏதாவது காரணம் இருக்கும்."

ஏதாவது காரணம் இருக்கும் என்ற அந்த வார்த்தை சேஷகிரியைப் பிடித்துக்கொண்டது. என்ன காரணம்? விமானத்தை ஒரு கிலோ இளைக்க வைத்தால் சின்ன இஞ்சினே தூக்கிவிடாதா? இதுவரை யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா? ராத்திரி படுக்கையில் இதே கேள்வி. காலையில் பல் தேய்க்கும்போதும் இதே கேள்வி.

பெட்டி வந்தது. சாப்பாட்டு மேஜை தொழிற்சாலையாயிற்று. ரமா கோதுமை மாவு நிறுக்கும் சின்னத் தராசு அங்கே குடியேறியது. சேஷகிரி ஒவ்வொரு குச்சியையும் ஒட்டுவதற்கு முன் நிறுத்தார், ஒட்டிய பின் நிறுத்தார், பசை காய்ந்த பின்னும் நிறுத்தார்.

எடை குறைக்க இறக்கைச் சட்டங்களில் ஓட்டை போட்டார். இறக்கை துவண்டது. துவளாமலிருக்கக் கம்பி கட்டினார். கம்பியின் எடை, ஓட்டை போட்டு மிச்சம் பிடித்ததை விட ஆறு கிராம் அதிகம். பெயின்ட் வேண்டாம் என்று மெல்லிய தாளை மட்டும் ஒட்டினார். அது காய்ந்துபோன பல்லி போல் மடங்கிச் சுருங்கியது. சுருக்கம் போக இஸ்திரி போட்டார், பொத்துக்கொண்டது. ஒட்டுப் போட்டார். ஒட்டுகளுக்குத் தனியாக எடை வந்தது.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. இஞ்சினுக்குச் சக்தி போதாது என்று நாள்முழுதும் புலம்பல் கேட்ட ரமா, அதற்கு மட்டும் விசேஷமாகக் கெட்டியாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, காற்றுப் போகும் துவாரத்தில் ஒரு செவ்வந்தியும் செருகிவிட்டாள். சந்தனம் காய்ந்து உள்ளே இறங்கியதில் இஞ்சின் இறுகிக்கொண்டது. தியோடர் அதை ஒரு நாள் முழுக்கக் கழுவினார்.

"என் சர்வீஸ்ல எத்தனையோ கார்பன் எடுத்திருக்கேன் மேன்," என்றார். "வாசனையா இருந்த இஞ்சின் இதுதான் முதல்."

டிசம்பர் கடைசியில் விமானம் முடிந்தது. மஞ்சளாக, இரண்டடுக்கு இறக்கையோடு, ஹாலில் நின்றது. இரண்டு கிலோ முந்நூறு கிராம். சேஷகிரி தராசைக் கும்பிட்டார். பிறகு இரண்டு விரலை இறக்கைக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். வால் தரையைத் தொட்டது. பெரிய இஞ்சின் உட்கார வேண்டிய மூக்கில் சின்ன இஞ்சின் உட்கார்ந்ததால் முன்பக்கம் கனம் போதவில்லை.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் ரமா.

"மூக்குல ஈயம் வெச்சு எடை கூட்டணும்."

"எவ்வளவு?"

"முந்நூத்தைம்பது கிராம்."

மூன்று மாதமாக கிராம் கிராமாக இளைத்த விமானம் ஒரே நிமிஷத்தில் மறுபடி ஊதியது. ரமா எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை உத்தமன் தவறாமல் வந்தான். கையில் ஒரு மைசூர்பாகுப் பெட்டி வேறு. தியோடர் இஞ்சினைச் சுண்டிவிட, அது ஈ மாதிரி பாடியது. சேஷகிரி ரிமோட்டைப் பிடித்தார்.

விமானம் கிளம்பியது. ஓடியது. இன்னும் ஓடியது. உத்தமன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்து போனான். அவன் நடை விமானத்தை விடக் கொஞ்சம் வேகம்.

"மூக்கைத் தூக்கு மேன்," என்றார் தியோடர்.

"தூக்கித்தான் வெச்சிருக்கேன்."

மைதானம் முடிந்தது. விமானம் முடியவில்லை. அது வரப்பைத் தாண்டி, அறுவடை முடிந்த ராகி வயலுக்குள் இறங்கி, சால் போட்டுக்கொண்டே போய், ஒரு மேட்டில் இடித்துச் சாய்ந்தது. வயல்காரர் வந்து பார்த்துவிட்டு, உழுவதற்கு இதைவிடப் பெரிய சைஸ் கிடைக்குமா என்று கன்னடத்தில் விசாரித்தார்.

சேஷகிரி போய்ச் சேர்வதற்குள் உத்தமன் விமானத்தைத் தூக்கி மடியில் வைத்திருந்தான். சக்கரக் கம்பி வளைந்து, கீழ் இறக்கையின் தாள் கிழிந்து உள்ளே சட்டங்கள் தெரிந்தன. உத்தமன் ஒவ்வொரு மூட்டிலும் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தான். பீன்யாவில் சேஷகிரி அவன் வளையங்களைப் பார்க்கும் அதே முறை.

"எல்லாம் நீங்களா செஞ்சது?"

"நான்தான்."

"இந்த ஜாயின்ட்?"

"அதுவும்."

உத்தமன் அவசரப்படவில்லை. அடுத்த மூட்டு, அதற்கடுத்த மூட்டு. இருபத்தெட்டு வருஷமாக மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சேஷகிரிக்கு இப்போதுதான் தெரிந்தது.

"பாஸ் சார்," என்றான் உத்தமன் கடைசியில். "இஞ்சின்தான் ரிஜெக்ட்."

சேஷகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. ராகித் தூசி என்று துடைத்துக்கொண்டார்.

"அஞ்சாம் நம்பர் இஞ்சின் என் கார்லயே இருக்கு," என்றார் தியோடர். "அதை மாட்டினா ஈயத்தைத் தூக்கிப் போட்டுடலாம். அடுத்த ஞாயிறு ஜம்முனு பறக்கும்."

"அடுத்த ஞாயிறும் வரேன் சார்," என்றான் உத்தமன். "இது மேல போறதைப் பாக்காம எனக்குத் தூக்கம் வராது."

சேஷகிரி விமானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "பெருமாளைக் கேக்காம மாத்த முடியாது தியோடர்."

மறுநாள் காலை குளித்து முடித்த கையோடு ரமாவிடம் வந்தார்.

"இஞ்சினை மாத்தலாமா, வேண்டாமான்னு சீட்டுப் போட்டுடுவோம். பெருமாள் உத்தரவு கொடுத்தா மாத்தறேன். இல்லேன்னா அது ஜென்மத்துக்கும் தரையிலதான் ஓடும். உத்தமன்கிட்ட நான் எந்த முகத்தை வெச்சுண்டு பேசறதோ தெரியலை."

"போட்டா போச்சு," என்றாள் ரமா உடனே. அவள் முகத்தில் நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு தெளிவு. "நீங்க போய்க் காபி சாப்பிடுங்கோ. நான் எழுதி வைக்கறேன்."

"இல்லை ரமா. இதுல என் மானமே இருக்கு. இந்தத் தடவை நான் இங்கயே உக்காந்துக்கறேன்." சேஷகிரி மணையை இழுத்துப் போட்டு, வெர்னியரை மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

ரமா ஒரு காகிதத்தை நாலாகக் கிழித்தாள். பேனாவைத் திறந்தாள். மூடினாள். பெருமாளைப் பார்த்தாள். மறுபடி திறந்தாள். எதிரே இரண்டு கண்கள் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தன.

சீட்டெடுக்கக் கூப்பிட்டதால் வந்து வாசற்படியில் நின்றிருந்த ஆஞ்சலாவுக்கு அடுப்பில் பால் வைத்திருந்த ஞாபகம்.

"எதுக்கும்மா இவ்ளோ யோசனை? போன தடவை மாதிரியே எல்லாச் சீட்டுலயும் ஒரே பதிலையே எழுதிடுங்க. பூவையும் காகிதத்தையும் பிரிக்கறப்ப நான் கேட்டதுக்கு, இதுதான் எங்க வீட்டு வழக்கம், எங்க கல்யாணத்துக்கும் பெரியம்மா இப்படித்தான் எழுதினாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."